கணக்குக் காட்டாதவன்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் வக்கீல் ராஜாமணி கூப்பிட்டார். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை எடுத்தேன். ஜனவரி ஆறாம் தேதி வாய்தாவாம். ஜீவனாம்ச மனுவில் நான் என் வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். கூடவே மூன்று வருட வருமான வரித் தாக்கலின் நகல்.

“மூணு வருசத்துதுங்க நல்லசிவம். வாட்ஸப்புல போட்டு உட்டீங்கன்னாப் போதும். இதென்ன பெரிய வேலைங்களா?”

“நாளைக்கு அனுப்பிடறனுங்க.”

அனுப்ப எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே பம்புகளுக்கு வரைபடம் போட ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. அதில் கடைசி மூன்று வருடமும் நான் தாக்கலே செய்யவில்லை. இந்த வருடத்துக்கான கெடு போன மாதம் முடிந்தது. அபராதம் கட்டினால் டிசம்பர் முப்பத்தொன்று வரை செய்யலாம். தாராளமாக நேரம் இருக்கிறது.

இது ஒரு கம்பெனி கொடுத்த போன வருட டைரி. கிழமைகளை அடித்துவிட்டு எழுதுகிறேன். தினமும் எதையாவது எழுதினால் சோம்பல் போகும் என்று ஓர் எண்ணம்.

அக்டோபர் 7

அனுப்பவில்லை.

அக்டோபர் 9

பல் தேய்த்தேன். ஒரு வால்வு வரைபடத்தை முடித்து அனுப்பினேன். இரண்டு மணி நேர வேலை, நாலு நாளானது. தயிர் வாங்க இறங்கினேன். கேட்டுக்கு வெளியே வீட்டுக்காரர் நின்றிருந்ததால் மேலே வந்துவிட்டேன். அவரிடம் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. வாடகைகூட பாக்கியில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மகள் மதியைப் பார்க்க கோர்ட் கொடுத்திருக்கும் நாள். பொள்ளாச்சி பஸ் நிலையத்துக்குப் பத்தரைக்குப் போகவேண்டும். அவள் அம்மா சுகுணா கூட்டி வந்து விட்டுவிட்டுப் போவாள். நிறைமதிக்கு இப்போது பதினொரு வயது.

ஆறரைக்கே எழுந்துவிட்டேன். சட்டை போட்டேன். ஒரு கால் சாக்ஸையும் போட்டேன். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மணியைப் பார்த்தபோது பதினொன்று ஆகியிருந்தது.

சுகுணாவைக் கூப்பிட்டுக் காய்ச்சல் என்றேன்.

“போன மாசமும் காய்ச்சல்தானுங்க” என்றாள். வைத்துவிட்டாள்.

உடம்பு கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

அக்டோபர் 20

தீபாவளி. வீட்டுக்காரர் மனைவி கதவைத் தட்டினார். தூங்குகிறவன் போலப் படுத்திருந்தேன். மாலையில் திறந்தபோது வாசலில் ஒரு தட்டு நிறைய முறுக்கும் லட்டும், மேலே செய்தித்தாள் மூடியபடி இருந்தன. எறும்பு ஏறியிருந்தது. எறும்பைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டேன். இன்று சாப்பிட்டது அதுதான்.

நவம்பர் 4

எதிர்த் தரப்பு மனுவின் நகலை ராஜாமணி அனுப்பியிருந்தார். ஏழாவது பத்தி இப்படி:

“எதிர்மனுதாரர் பல நிறுவனங்களிலிருந்து பெருந்தொகை ஈட்டிவருகிறார். மனுதாரருக்கும் மைனர் குழந்தைக்கும் சேர வேண்டியதைத் தவிர்க்கும் கெட்ட நோக்கத்துடன், வேண்டுமென்றே தன் வருமானத்தை மறைத்து வருகிறார்.”

மூன்று முறை படித்தேன். கெட்ட நோக்கம் வைத்துக்கொள்ளக்கூட ஒரு தெம்பு வேண்டும். இதில் வருகிற ஆள் எனக்கு முன்பின் தெரியாத ஒரு சாமர்த்தியசாலி. காலையில் எழுந்து கணக்குப் பார்த்து, எதை எங்கே ஒளிக்கலாம் என்று திட்டம் போடுகிறவன். அவன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

மறைத்ததெல்லாம் சமையலறை மூலையில் ஒரு அரிசிச் சாக்கில் இருக்கிறது. தபாலில் வந்த உறைகள். கம்பெனிகள் அனுப்பிய வரிப் பிடித்தச் சான்று, பேங்க் கடிதம், வருமான வரி ஆபீஸ் கடிதம். எதையும் பிரித்ததில்லை. வந்ததும் சாக்கில் போட்டுவிடுவேன். சாக்கு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. எலி வராமலிருக்க மேலே ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

சுகுணா அப்படி எழுதச் சொல்லியிருக்க மாட்டாள். வக்கீல்களே எழுதிக்கொள்வார்கள். அவள் சொல்லித்தான் எழுதினார்கள் என்றாலும் அவளைக் குறை சொல்ல முடியாது. பொள்ளாச்சியில் பள்ளிக்கூட வேலை கிடைத்ததால்தான் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள்.

நவம்பர் 9, ஞாயிறு

போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பேனா என்று பயம்.

மதி உயரமாகிவிட்டாள். ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டாள். ரோஸ்ட்டின் நுனியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். பள்ளியில் யாரோ சஞ்சனா இவளோடு பேசுவதில்லையாம். ஏன் என்று கேட்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் தோன்றியது. அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

கை கழுவும்போது கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: “அப்பா, நான் போட்ட லெட்டர் வந்துச்சுங்களா?”

“வந்துச்சு சாமி.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக் குழாயை மூடினாள்.

நவம்பர் 10

சாக்கைத் தரையில் கொட்டித் தேடினேன். நீல உறை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு முகவரி எழுதியிருந்தாள். ஆகஸ்ட் மாத முத்திரை.

“அன்புள்ள அப்பா, எங்கள் ஆண்டு விழா ஆகஸ்ட் 29 வெள்ளி மாலை 4 மணி. நான் நாடகத்தில் நீதிபதி. முன் வரிசையில் உட்காராதீர்கள், பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். ‘வரட்டும்’ என்று அம்மா சொல்லிவிட்டாள்.”

கொட்டியதை மறுபடி சாக்கில் அள்ளிப்போட்டேன். இந்த ஒன்றை மட்டும் வெளியே வைத்தேன்.

நவம்பர் 17

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 21

கம்பெனியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். வரைபடம் முடிந்துவிட்டது, கரண்ட் இல்லை என்றேன். இரண்டுமே பொய்.

நவம்பர் 24

இன்று ராஜாமணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை.

“மூணு வருசமுமேவா?”

“ஆமாங்க.”

“ஏனுங்க?”

“சோம்பலுங்க.”

பெருமூச்சு விட்டார். “செரி. ஒரு டாக்டர்கிட்டப் போயி காய்ச்சல், மஞ்சக்காமாலைன்னு எதையாச்சும் சொல்லிச் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. வாய்தா தள்ளிக் கேக்கலாம்.”

நவம்பர் 26

பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனேன். வயதான பெண் டாக்டர். நாக்கின் அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லையே.”

“நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க. சர்டிபிகேட் ஒண்ணு…”

“எதுக்கு?”

கோர்ட்டுக்கு என்றேன். பிறகு ஏதேதோ சொல்லிக்கொண்டே போனேன் போலிருக்கிறது. வரித் தாக்கல் பற்றி, உறைகள் பற்றி. அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

“எத்தன மணி நேரம் தூங்கறீங்க?”

“பன்னெண்டு, பதினாலு மணி நேரமுங்க. சோம்பேறியாயிட்டன் டாக்டர்.”

“சோம்பேறி சந்தோசமாத் தூங்குவான். நீங்க சந்தோசமாவா தூங்கறீங்க?”

குளித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உயிரை விடுவது பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

ஆமாம் என்றேன்.

வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்றார். யாருமில்லை என்றேன். அவரே போனை எடுத்து யாரிடமோ பேசினார். இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். தன் ஆட்டோக்காரரை வரவழைத்து அனுப்பினார். காந்திபுரத்தில் ஒரு மனநல டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். மனச்சோர்வு, நாள்பட்டது என்றார். மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்ய மூன்று வாரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது, வாரம் ஒருமுறை வரவேண்டும், எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்று நம்பர் எழுதிக் கொடுத்தார்.

சர்டிபிகேட்டும் கொடுத்தார். காய்ச்சல் என்று அல்ல.

நவம்பர் 28

சர்டிபிகேட்டைப் பார்த்து ராஜாமணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதக் குடுக்க வேண்டாங்க. குடுத்தா, இவருகிட்டப் புள்ளைய உடக் கூடாதுன்னு அடுத்த மனுப் போடுவாங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். மொதல்ல போயித் தாக்கலப் பண்ணுங்க.”

மதியைப் பார்க்க விடமாட்டார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 3

மாத்திரை எட்டாம் நாள். வாய் உலர்கிறது. வேறொன்றும் இல்லை. குளித்தேன்.

டிசம்பர் 8

மெயின் ரோட்டில் ஒரு ஆன்லைன் சேவைக் கடை. வருமான வரித் தாக்கல் செய்து தரப்படும் என்று போர்டு. சாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 9

ஒருவர் இருந்தார். திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 11

யாருமில்லை. அப்போதும் தாண்டித்தான் போனேன். கடைக்காரப் பெண் வெளியே வந்து கூப்பிட்டார்.

“ஏனுங்கண்ணா, மூட்டையோட வந்து வந்து பாத்துட்டுப் போறீங்க. அரிசியா?”

“தாக்கலுங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெயர் மெகருன்னிசா. முப்பத்தைந்து வயதிருக்கும். சாக்கை வாங்கி மேசைமேல் கவிழ்த்தார். ஒரு ஸ்கேலை உறைக்குள் விட்டுப் பரபரவென்று கிழிக்க ஆரம்பித்தார். நான் மூன்று வருடமாகத் தொடாததை அவர் டீ குடித்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் பிரித்து, கம்பெனி வாரியாக அடுக்கிவிட்டார்.

“திட்ட மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்குங்க? இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. போன வாரம் ஒரு காலேஜ் வாத்தியார் சூட்கேஸ்ல கொண்டாந்தாரு.”

அந்த வாத்தியாரைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

பாஸ்வேர்டு நினைவில்லை. புதிதாக வைக்க போனுக்கு ஆறு இலக்க எண் வரும். ஆதாரில் இருக்கும் என் பழைய நம்பர் எப்போதோ செத்துவிட்டது. இணையதளத்தில் பதிந்திருக்கும் நம்பருக்குத்தான் வரும். திரையில் கடைசி எண்களை மட்டும் காட்டியது.

“இது யாரு நம்பருங்க?”

பார்த்ததும் தெரிந்தது. இல்லை, முன்பே தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். பிரிவதற்கு முன் ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகுணாதான் உட்கார்ந்து என் தாக்கலைச் செய்து முடிப்பாள். அரை மணி நேர வேலை. கணக்கை ஆரம்பித்தவளும் அவள்தான். நம்பரும் அவளுடையது.

நாளை வருகிறேன் என்று எழுந்தேன்.

“நாளைக்குன்னா நாளைக்கு வரோணுங்” என்றார் மெகருன்னிசா. “காயிதமெல்லாம் இங்கயே இருக்கட்டும். சாக்கத் திருப்பித் தர மாட்டேன்.”

டிசம்பர் 12

போனேன். மதிய இடைவேளையாகப் பார்த்துச் சுகுணாவைக் கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

“சொல்லுங்க.”

“உன்ர போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்கும். அது வேணும்.”

“எதுக்கு?”

“வருமான வரி. உள்ள போறதுக்கு.”

“எந்த வருசத்துது?”

“மூணும்.”

இரைச்சல் குறைந்தது. எங்கோ தள்ளிப் போய் நின்றிருக்கிறாள்.

“பண்ணவே இல்லீங்களா?”

“இல்ல.”

“நீங்க மறைக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“மறைக்கல சுகுணா. தொறக்கல.”

மெகருன்னிசா கையைத் தூக்கி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். எண்ணுக்கு நேரம் முடியப் போகிறது. சுகுணா எண்ணைச் சொன்னாள். வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி, இரண்டு தடவை. பிறகு, “என்ர நம்பர மாத்தி உட்டுருங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மெகருன்னிசா முதல் வேலையாக நம்பரை மாற்றினார். அப்புறம் ஒரு பட்டியலைத் திறந்தார். மூன்று வருடத்தில் எந்தக் கம்பெனி, என்றைக்கு, எவ்வளவு கொடுத்து, அதில் எவ்வளவு வரி பிடித்தது என்று வரிவரியாக இருந்தது.

“பாருங்கண்ணா. உங்க வருமானம் கவர்மெண்டுக்கு முழுசாத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல.”

நான் கட்டவேண்டியது எதுவுமில்லை. அதிகமாகப் பிடித்த வரி எனக்குத்தான் திரும்ப வரவேண்டியிருக்கிறது. இந்த வருடத்துக்கு அபராதம் போக மீதி வரும். முந்தின இரண்டு வருடத்துப் பணத்தைக் கேட்கும் கெடு தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், கிடைத்தால் உண்டு என்றார். மதியின் இரண்டு வருடப் பள்ளிக் கட்டணம் அதில் அடங்கியிருக்கும். சுகுணா தன் சம்பளத்திலிருந்து கட்டியது.

ஒளித்து வைத்திருந்தால்கூட அந்தப் பணம் எங்காவது இருந்திருக்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

பொள்ளாச்சி போனேன். மதியிடம், கடிதம் வந்தபோது படிக்கவே இல்லை, போன மாதம்தான் படித்தேன் என்று சொன்னேன். “தெரியுமுங்கப்பா” என்றாள். எப்படி என்று கேட்டேன். “படிச்சிருந்தா வந்திருப்பீங்கள்ல?”

டிசம்பர் 19

தாக்கல் முடிந்தது. பகல் பன்னிரண்டே கால். ஒரு பக்க ரசீது வந்தது. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆனால் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பசித்தது. மாதக்கணக்கில் எனக்குப் பசித்ததில்லை. நின்று இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

டிசம்பர் 27

நேற்றும் இன்றும் எழவில்லை. தாக்கல்தான் முடிந்துவிட்டதே, இனி ஏன் என்று கோபம் வந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன். ஏறும், இறங்கும், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார்.

ஜனவரி 6

கோர்ட். இந்த வருட ரசீதையும், மூன்று வருடப் பட்டியலையும் பிரமாணப் பத்திரத்தோடு கொடுத்தோம். நீதிபதி புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாதத்துக்குப் போட்டார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் சுகுணா தனியாக நின்றிருந்தாள். நரைத்திருக்கிறாள். அவளே பக்கத்தில் வந்தாள்.

“உடம்புக்கு என்னங்க?”

சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். மறுபடி மேலேயிருந்து படித்தாள்.

“இத வெளிய காட்ட வேண்டாம்னு உங்க வக்கீல் சொல்லீருப்பாரே?”

“சொன்னாரு.”

“அப்பறம் எதுக்கு எங்கிட்டக் காட்டறீங்க?”

“நீ கேட்ட.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “ஏழு மாசம் அந்த ரூம்புலயே படுத்துக் கெடந்தீங்க. சோத்தக் கொண்டாந்து வெச்சாச் செவுத்தப் பாத்துத் திரும்பிக்குவீங்க. நான் என்ன தப்புப் பண்ணுனன்னு தெனமும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே கெடைக்கல. அதுக்கப்பறந்தான் எங்கம்மா ஊட்டுக்குப் போனேன்.”

“நீ ஒண்ணும் பண்ணல சுகுணா.”

“இதச் சொல்றதுக்கு இத்தன வருசம்.”

அவள் அழவில்லை. நான் கொஞ்சம் அழுதேன். காகிதத்தை அதே மடிப்பில் மடித்து என் கையில் கொடுத்தாள். இதை யாரிடமும் காட்டமாட்டாள் என்று தெரிந்தது. திரும்பி வரமாட்டாள் என்பதும் தெரிந்தது.

படியிறங்கியவள் திரும்பி நின்றாள். “வர முடியலீன்னா அவகிட்டக் காய்ச்சல்னு சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவையும் சாமி படத்துக்கு முன்னால நின்னு வேண்டிக்கறா. முடியலீன்னு சொல்லுங்க. அது போதும்.”

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலிருந்து முயன்றேன். இன்று சட்டைவரைகூடப் போகவில்லை. எட்டரை மணிக்கு, அவர்கள் பஸ் நிலையத்துக்குக் கிளம்பும் முன்னால், கூப்பிட்டேன். மதிதான் எடுத்தாள்.

“சாமி, இன்னைக்கு அப்பாவால முடியல.”

“காய்ச்சலுங்களா?”

“இல்ல. காய்ச்சல் இல்ல. எந்திரிக்க முடியல. அப்பாவுக்கு அப்படியொரு சீக்கு. மருந்து சாப்படறேன்.”

பிறகு கேட்டாள்: “பேச முடியுங்களா?”

“ரொம்ப நேரம் முடியாது.”

“அப்ப நீங்க பேச வேண்டாம். நான் போன வெக்காம மேசமேல வெச்சுட்டு ஹோம்வொர்க் பண்றேன். நீங்க படுத்துட்டே கேளுங்க.”

பென்சில் சீவும் சத்தம் கேட்டது. பக்கம் புரட்டினாள். பின்னத்தைக் கூட்டும்போது வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிக் கூட்டினாள், ஒன்று தப்பாகி “அட ச்சே” என்று அழித்தாள். சுகுணா எதற்கோ உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “அப்பா லைன்ல இருக்காங்கம்மா” என்று இவள் பதில் சொன்னாள். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தேன். ஒரு மணி நேரம் பதினேழு நிமிடம்.

வைப்பதற்கு முன் கேட்டாள்: “அடுத்த மாசம் வருவீங்களா?”

“தெரியல சாமி.”

“செரிங்கப்பா. தெரிஞ்சாச் சொல்லுங்க” என்றாள்.